மச்சானுக்குக் கிடைச்ச அஞ்சு மாசம்

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு வாசகர் மெசேஜ் அனுப்பியிருந்தார். வருஷா வருஷம் என்கிட்ட மஞ்சள்தூள் வாங்கறவர்தான். வழக்கமா அரைக் கிலோ, மிஞ்சிப்போனா ஒரு கிலோ. இந்தத் தடவை அஞ்சு கிலோ கேட்டிருந்தார். “என்னங்க, வீட்ல ஏதாச்சும் விசேஷங்களா?”ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பதில் வந்தது. மாமனாருக்கு ரத்தப் புற்றுநோய்னு சொல்லிட்டாங்களாம். கீமோ எல்லாம் வேண்டாம், நாட்டு மருந்தே போதும்னு வீட்ல பேச்சு ஓடுதாம். “உங்களுது மருந்தடிக்காத மஞ்சள், அதான் கேக்கறேன் அண்ணா”ன்னு முடிச்சிருந்தார்.

எனக்குக் கை ஓடலை. ஃபோனைத் திண்ணையில வச்சுட்டுப் போயி, கட்டுத்தறியில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, சாணி அள்ளிப் போட்டுட்டு வந்து, அவரைக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் பேசினோம். அவர்கிட்ட சொன்னதை இங்கயும் எழுதிடலாம்னு தோணுச்சு. நாலு வருஷமா எழுதாம வச்சிருந்த விஷயம். அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். “எழுது தம்பி, நாலு பேருக்கு ஒதவுனா சேரி”ன்னுச்சு.

மச்சான்னு நான் சொல்றது அக்கா வீட்டுக்காரரை. அவங்க தோட்டத்துக்கும் எங்க தோட்டத்துக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்தான். மூணு ஏக்கர் மஞ்சள், ஒரு ஏக்கர் கரும்பு, நாலு எருமை. அப்ப அவருக்கு 54 வயசு. பீடி, சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது. நாப்பது கிலோ மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு வரப்புல நடந்து வருவார், பேசிக்கிட்டே.

அந்த வருஷம் ஆவணிக் கடைசி. மஞ்சக்காட்டுல களையெடுப்பு நடந்துக்கிட்டிருந்தது. பாதியில வரப்புல உக்காந்துட்டார். “மூச்சு வாங்குது மாப்ள”ன்னார். நான் வெயில்னு நெனச்சேன். ரெண்டு நாள் கழிச்சு அக்கா வந்து சொல்லுச்சு, பல்லு வெளக்கறப்ப ஈறுல ரத்தம் வருதாம், நிக்க மாட்டேங்குதாம். வேட்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னா, கெண்டைக்காலெல்லாம் குண்டூசியால குத்தின மாதிரி சின்னச் சின்னச் செவப்புப் புள்ளி. பவானிப் பக்கம் ஒரு லேப்ல ரத்தம் கொடுத்தோம். ஹீமோகுளோபின் 6. தட்டணு 18,000. அது ஒண்ணரை லட்சமாச்சும் இருக்கணும். லேப் பையன் பேப்பரைக் கொடுக்கறப்ப என் மூஞ்சியைப் பாக்கவே இல்லை. “இன்னைக்கே கோயமுத்தூர் போயிருங்கண்ணா”ன்னு மட்டும் சொன்னான்.

கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பாத்தாங்க. அக்யூட் மைலாய்டு லுகேமியான்னு சொன்னாங்க. டாக்டர் எனக்குப் புரியற மாதிரி சொன்னதை என் பாஷையில சொல்றேன். எலும்பு மஜ்ஜை ஒரு நாத்தங்கால் மாதிரி. அங்கதான் செவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் நாத்தா வளந்து, முத்தி, ரத்தத்துக்கு வருது. இந்த நோயில, முத்தாத குஞ்சு அணுக்கள் மட்டும் பெருகிக்கிட்டே போகும். அதுக்குப் பேரு பிளாஸ்ட். அது வளரவும் வளராது, மத்ததை வளர விடவும் விடாது. நாத்தங்கால் பூரா அதுவே அடைச்சுக்கும். மஜ்ஜையில இருக்கற அணுக்கள்ல நூத்துக்கு 20-க்கு மேல பிளாஸ்ட் இருந்தா லுகேமியான்னு முடிவு பண்றாங்க. மச்சானுக்கு 60.

திங்கக்கிழமை கீமோ ஆரம்பிக்கறதா இருந்தது. சனிக்கிழமை ராத்திரி 104 டிகிரி காய்ச்சல். விடியறதுக்குள்ள ரெண்டு பக்க நுரையீரலும் சளி கட்டிக்கிச்சு. நிமோனியா. ஐசியூவுக்குக் கொண்டு போயிட்டாங்க. “இந்த நெலமையில கீமோ கொடுத்தா தாங்க மாட்டார். மொதல்ல காய்ச்சலை அடக்கணும்”னு சொன்னாங்க. அவர் உடம்புல கிருமியோட சண்டை போடற நல்ல வெள்ளையணு கொஞ்சம்தான் இருந்தது. பதினோரு நாள். ஆன்டிபயாடிக் மேல ஆன்டிபயாடிக், ரத்தம் மேல ரத்தம். ஊர்லருந்து ஒரு வேன்ல 14 பசங்க ரத்தம் கொடுக்க வந்தாங்க. ஆறாம் நாள் டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, சொந்தக்காரங்க பாக்கணும்னா வந்து பாத்துடட்டும்னார். நான் ஊருக்கு ஃபோன் பண்ணி, பந்தக்காரருக்குக்கூட சொல்லி வச்சுட்டேன். இதை அக்காகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்லை. இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கும்.

பன்னண்டாம் நாள் காய்ச்சல் எறங்குச்சு. அதோட தட்டணுவும் ஏற ஆரம்பிச்சது. மொதல்ல ஏத்தின ரத்தத்தாலன்னு நெனச்சாங்க. ரத்தம் ஏத்தறதை நிறுத்தியும் ஏறிக்கிட்டே போச்சு. 40,000. அப்புறம் 70,000. அப்புறம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். டாக்டர் லேப்ல பேரு மாறிப் போச்சோன்னு சந்தேகப்பட்டு மறுபடி ரத்தம் எடுத்தார். அதே கணக்கு. மறுபடி இடுப்பெலும்புல ஊசி. பிளாஸ்ட் 3. ஒரு சொட்டு கீமோ கொடுக்காம, 60 இருந்தது 3 ஆயிருச்சு. 5-க்குக் கீழ வந்துட்டா அதை ‘ரெமிஷன்’ங்கறாங்க. நோய் தணிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர்ல ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினார். அவருக்கே முகத்துல ஒரு சிரிப்பு. “இதுக்கு ஸ்பான்டேனியஸ் ரெமிஷன்னு பேரு. தானாவே தணியறது. புத்தகத்துல படிச்சிருக்கேன். கண்ணால பாக்கறது இதான் மொதத் தடவை”ன்னார். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டுச் சொன்னார்: “ஆனா இது நிக்காதுங்க. பெரும்பாலும் சில வாரம், சில மாசம். மறுபடி வந்துரும். உடம்பு தேறினதும் சிகிச்சையை ஆரம்பிச்சுடணும். நோய் கொறைவா இருக்கற இந்த நேரம்தான் நல்ல நேரம்.”

நாங்க முன்பாதியை மட்டும் வாங்கிக்கிட்டு ஊருக்கு வந்தோம்.

வார்டுக்கு மாத்தினதுமே அக்கா தினம் ஃபிளாஸ்க்குல கஷாயம் கொண்டு போச்சு. என் தோட்டத்து மஞ்சள், மிளகு, துளசி, கருப்பட்டி. ஐப்பசியில வீட்டுக்கு வந்தப்ப ஊரே வந்து பாத்துச்சு. பாதிப் பேர் குலதெய்வம் காப்பாத்துச்சுன்னாங்க. மீதிப் பேர் மஞ்சள்தான்னாங்க. எங்க பங்காளி ஒருத்தர் மச்சானைக் கட்டில்ல உக்கார வச்சு செல்ஃபோன்ல வீடியோ எடுத்து, ‘ரத்தப் புற்றை விரட்டிய மஞ்சள்’னு வாட்ஸ்அப்ல போட்டுட்டார். அது எங்கெங்கயோ சுத்துச்சு. எனக்கு ஃபோன் மேல ஃபோன். தை வரைக்கும் கிடக்கவேண்டிய 180 கிலோ பழைய மஞ்சள் கார்த்திகை முடியறதுக்குள்ள காலி.

இங்க ஒண்ணை ஒப்புக்கணும். மஞ்சள்தான் குணப்படுத்துச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. இல்லைன்னும் சொல்லலை. கேக்கறவங்ககிட்ட “அப்படித்தான் சொல்றாங்க”ன்னு சிரிச்சுக்கிட்டே பேக் பண்ணிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி ஃபைல் என்கிட்டதான் இருந்தது. அக்கா மொதல்மொதலா ஃபிளாஸ்க் கொண்டு போன தேதிக்கு நாலு நாள் முன்னாடியே தட்டணு ஏற ஆரம்பிச்சிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், நம்ம மண்ணுல வெளஞ்சது ஒரு உசிரைக் காப்பாத்திருச்சுன்னு நாலு பேர் சொல்றப்ப, அது கேக்க நல்லா இருந்தது. ரசாயனம் வேண்டாம்னு பன்னண்டு வருஷமா ஊர்ல ஏச்சு வாங்கினவன் நான். அந்த ஒரு மாசம் தலை நிமிந்து நடந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து மூணு தடவை ஃபோன் வந்தது. நாலாவது தடவை டாக்டரே பேசினார். அன்னிக்குச் சாயங்காலம் மச்சான் என்னைக் கூப்பிட்டு விட்டார். கார்த்திகை மாசம், பனி எறங்க ஆரம்பிச்ச நேரம். வாசல்ல கயித்துக் கட்டில். அவர் பக்கத்துல உக்காந்தேன்.

“மாப்ள, போகச் சொல்றாங்க. ஏழு நாள் மருந்து ஏத்துவாங்களாம். முடியெல்லாம் கொட்டுமாம். மறுபடி காய்ச்சல் வருமாம். உங்கக்கா வேண்டாங்கறா. பையன் போலாங்கறான். நீ படிச்சவன், நீ என்ன சொல்ற?”

நான் சொன்னேன்: “இப்ப நல்லாத்தானே இருக்கறீங்க மச்சான். மஞ்சள் வெட்டு முடியட்டுங்க. உடம்புல தெம்பு ஏறட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

அவர் மொகத்துல அப்படியொரு நிம்மதி. அதை வாங்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கார். நானும் தாராளமாக் கொடுத்துட்டேன்.

அந்த அஞ்சு மாசம் வீணாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். மார்கழியில பேத்திக்குக் காது குத்தினாங்க, மடியில உக்கார வச்சது அவர்தான். பொங்கலுக்கு எருமைக் கொம்புக்குப் பெயின்ட் அடிச்சார். மாசியில மஞ்சள் வெட்டினப்ப, ஆளுங்களோட ஆளா நின்னு கிழங்கு வேற, விரலி வேறன்னு பிரிச்சார். வேகவைக்கிற ராத்திரி தூங்கவே இல்லை. ஆவி மெஷின் பக்கத்துல துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்து, வேக்காட்டு வாசம் பாத்துப் பதம் சொன்னார். ஈர்க்குச்சியால குத்திப் பாக்கற வேலையே எங்களுக்கு இல்லை.

பங்குனி மொதல் வாரம், பல்லு வெளக்கறப்ப மறுபடி ரத்தம். பிளாஸ்ட் 70.

இந்தத் தடவை ஒரு நாள்கூட யாரும் யோசிக்கலை. ஏழு நாள் ஒரு மருந்து, அதுல மொத மூணு நாள் கூட இன்னொரு மருந்து. இந்த நோய்க்கு அதுதான் ரொம்ப காலமாக் கொடுக்கற கீமோ. ஆனா ரெமிஷன்ல இருந்த மச்சானுக்கும் அன்னிக்குப் போன மச்சானுக்கும் நெறைய வித்தியாசம். எட்டுக் கிலோ எளைச்சிருந்தார். ரெண்டாவது வாரம் நுரையீரல்ல பூஞ்சைத் தொற்று. 24-ஆம் நாள் காலையில போயிட்டார். அந்த வருஷ மஞ்சள் பணம் மார்க்கெட்லருந்து வந்தப்ப, வாங்கறதுக்கு அவர் இல்லை.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு நாள் நான் மட்டும் டாக்டரைப் பாக்கப் போனேன். “கார்த்திகையிலயே வந்திருந்தா பொழைச்சிருப்பாருங்களா?”ன்னு கேட்டேன். அவர் திட்டலை. “பொழைச்சிருப்பார்னு என்னால சொல்ல முடியாது. இந்த வயசுல இது லேசான நோய் இல்லை. ஆனா அப்ப அவர் உடம்பு நல்லா இருந்தது, நோய் கொஞ்சமா இருந்தது. வாய்ப்பு இதைவிட நல்லா இருந்திருக்கும்”னார். அதைக் கேட்டுட்டு பஸ் ஏறி வந்தேன். அதுக்கு மேல அதுல சொல்ல எதுவும் இல்லை.

அப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். டாக்டருங்களும் பொறுமையா வெளக்கினாங்க.

மச்சானுக்கு வந்தது புதுசு இல்லை. 1878-லயே ஜெர்மனியில ஐசன்லோர்ங்கற மருத்துவர், டைபாய்டு வந்த ஒரு லுகேமியா நோயாளிக்கு நோய் கொஞ்ச காலம் தணிஞ்சதைப் பதிவு பண்ணியிருக்கார். அன்னிக்கு கீமோங்கற பேச்சே கிடையாது. அதுக்கப்புறமும் உலகம் பூரா அங்கொண்ணு இங்கொண்ணா இந்த மாதிரி எழுதி வச்சிருக்காங்க. பெரும்பாலான கேஸ்ல ஒரே கதைதான்: மொதல்ல பெரிய காய்ச்சல், நிமோனியா, ரத்தத்துல கிருமி, கூடவே ரத்தம் ஏத்தறது. அப்புறம் நோய் தணியும். அப்புறம், அனேகமா எல்லாருக்கும், சில மாசத்துல திரும்பி வரும். நீடிச்சு நின்னது ரொம்ப ரொம்பக் கம்மி.

ஏன் தணியுதுன்னா, கிருமியோட சண்டை போட உடம்பு தன் படையை மொத்தமா எழுப்பி விடுது. இன்டர்ஃபெரான் மாதிரி சில பொருள்களைச் சுரக்குது. அது புற்று அணுக்களையும் சேத்து அடிக்குதுன்னு சொல்றாங்க. நம்மூர்க் கணக்குல, திருடன் வந்தான்னு ஊரே தடியோட எந்திரிச்சா, ஏற்கெனவே சந்துல பதுங்கி நின்ன வேறொருத்தனுக்கும் நாலு அடி விழுமில்ல, அது மாதிரி. நியூயார்க்ல வில்லியம் கோலின்னு ஒரு சர்ஜன், 1891-ல, இதே யோசனையில புற்றுக் கட்டி இருந்தவங்களுக்கு வேணும்னே கிருமியை ஊசி போட்டுக் காய்ச்சல் வர வச்சுப் பாத்தார். சிலருக்குக் கட்டி கரைஞ்சது. சிலர் அந்தக் காய்ச்சல்லயே செத்தாங்க. இன்னைக்கு மூத்திரப்பைப் புற்றுக்கு, நம்ம கொழந்தைங்களுக்குக் காசநோய்க்காகப் போடற பிசிஜியையே உள்ளே செலுத்தறாங்க, அதுல பலனும் இருக்கு. லுகேமியாவுல காய்ச்சலை மருந்தா நம்ப முடியாது. லுகேமியா வந்தவங்களைக் கொல்றதுல பெரும் பங்கு தொத்து நோய்க்குத்தான். மச்சான் அந்தப் பதினோரு நாள்ல தப்பிச்சதே பெரிய விஷயம்.

சரி, தணிஞ்சது ஏன் திரும்பி வருது? இதை எனக்குப் புரிய வச்சது கோரை. மஞ்சக்காடு வச்சிருக்கறவனுக்குக் கோரையைப் பத்திச் சொல்லித்தர வேண்டாம். ஆளு விட்டு சுத்தமா செதுக்கிட்டா காடு பளிச்சுனு இருக்கும். ரோட்டுல போறவங்க பாத்தா ஒரு களை இல்லைன்னு சொல்லுவாங்க. உள்ளே ஒரு சாண் ஆழத்துல கிழங்கு கிடக்கும். ஒரு மழை போதும். லுகேமியா கண்டுபிடிக்கறப்ப உடம்புல சுமார் ஒரு லட்சம் கோடி புற்று அணு இருக்குமாம். ரெமிஷன்னு சொல்றப்ப, மைக்ராஸ்கோப்புக்குத் தட்டுப்படலைன்னாலும், நூறு கோடி, ஆயிரம் கோடின்னு மிச்சம் இருக்கலாம். ரெமிஷனுக்கு அப்புறமும் மாசக்கணக்குல மருந்து கொடுக்கறது அந்தக் கிழங்கைத் தோண்டத்தான். மச்சான் காடு மேல சுத்தமா இருந்தப்பதான் நான் “அப்புறம் பாத்துக்கலாம்”னு சொன்னேன். எந்த விவசாயியும் தன் காட்டுல அப்படி விட மாட்டான்.

நெஜமாவே தானாத் தணிஞ்சு போயிடற வகை ஒண்ணும் இருக்கு. டவுன் சிண்ட்ரோமோட பொறக்கற சில பச்சைக் கொழந்தைங்களுக்கு, லுகேமியா மாதிரியே ரத்தத்துல பிளாஸ்ட் நெறைய இருக்கும். பெரும்பாலான கொழந்தைங்களுக்கு மூணு மாசத்துக்குள்ள தானாவே மறைஞ்சிரும். அதுலயும் அஞ்சுல ஒரு கொழந்தைக்கு, நாலு வயசுக்குள்ள நெஜ லுகேமியா வரலாம்கறதால, டாக்டருங்க விடாம ரத்தம் பாத்துக்கிட்டே இருப்பாங்க. தானாப் போனதைக்கூட அவங்க அப்படியே விட்டுடறதில்லை.

இந்தப் படிப்பெல்லாம் ஒரு தடவை வேலைக்கு வந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி, நம்ம தோட்டத்துக்கு வேலைக்கு வர்றவங்களோட பொண்ணுக்கு ஆறு வயசு. காய்ச்சல், கால் வலி. ராத்திரியில கால் வலிக்குதுன்னு அழும். பக்கத்துல ஒருத்தர்கிட்ட ஊசி போட்டு, பொட்டலத்துல மாத்திரை கொடுத்தாங்க. நாலே நாள்ல பாப்பா ஓடியாடி வெளையாடுச்சு. தானாச் சரியாயிருச்சுன்னு விட்டுட்டாங்க. மூணு வாரத்துல மறுபடி வந்துச்சு, கழுத்துல நெறிகட்டியோட. இது அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா, கொழந்தைங்களுக்கு அதிகமா வர்ற வகை. அந்தப் பொட்டலத்துல இருந்தது ஸ்டீராய்டு. இந்த நோயை ஸ்டீராய்டு மட்டுமே கொஞ்ச நாளைக்கு அமுக்கி வைக்கும். நோய் என்னன்னு கண்டுபிடிக்க விடாம மறைச்சும் வைக்கும். முறையான சிகிச்சையில ஸ்டீராய்டு உண்டு, ஆனா மத்த மருந்துகளோட சேத்து, கணக்காக் கொடுப்பாங்க. பாதி மருந்தடிச்ச காட்டுல பூச்சி திரும்பி வர்றப்ப எப்படி வரும்னு நமக்குத் தெரியுமே.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால சிகிச்சை ஆரம்பிச்சாங்க. ஒரு மாசம் முடிஞ்சது. மஜ்ஜை சுத்தம். பாப்பா நல்லா சாப்பிடுது, சிரிக்குது. அப்பங்காரர் எங்கிட்ட வந்து நின்னார். “அண்ணா, ரிப்போர்ட்டு நல்லா வந்துருச்சுங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல வரணுங்கறாங்க. போக வர கூலி போகுதுங்க. புள்ளைக்கு முடியெல்லாம் கொட்டிப் போச்சுங்க. இப்ப நல்லாத்தான இருக்கறா?”

“இப்ப நல்லாத்தானே.” என் வாயிலருந்து வந்த அதே வார்த்தை.

அவரைத் திண்ணையில உக்கார வச்சு, உள்ளே போயி மச்சானோட ஃபைலை எடுத்துட்டு வந்தேன். 60, 3, 70, மூணு பேப்பரையும் முன்னாடி வச்சேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எண்ணு தெரியும். தேதியைச் சொல்லி, நடுவுல கார்த்திகையில நான் என்ன சொன்னேங்கறதையும் சொன்னேன். “உம் புள்ளைக்கு வந்தது எங்க மச்சானுக்கு வந்த மாதிரி இல்லை. முழுசா மருந்து எடுத்தா பெரும்பாலான கொழந்தைங்க பொழைச்சுக்கறாங்க. நடுவுல விட்டா திரும்பி வரும்”னேன். அவர் ரொம்ப நேரம் அந்த 3-ஐயே பாத்துக்கிட்டிருந்தார். ஆஸ்பத்திரி போற நாளைக்குக் கூலியும் பஸ் காசும் நான் கொடுக்கறதாப் பேசிக்கிட்டோம். பெரிய தொகை இல்லை. அதைப் பெருமையா இங்க எழுதலை. இந்த மாதிரி வீடுகள்ல சிகிச்சை நிக்கறது பெரும்பாலும் அந்தக் காசுக்காகத்தான்கறதுக்காக எழுதறேன்.

பாப்பா இப்ப மூணாம் வகுப்பு. ஐப்பசியோட மருந்து முடியுது. தினம் ஒரு மாத்திரை, வாரம் ஒரு நாள் வேற மாத்திரை. அந்த வார மாத்திரை மெத்தோட்ரெக்சேட். மஞ்சள் நெறத்துலதான் இருக்கும். அதுக்குப் பின்னாடி நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு இருக்கு. எல்லப்பிரகடா சுப்பாராவ்னு ஆந்திராக்காரர், பீமவரத்துல பொறந்தவர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். அமெரிக்கா போயி லெடர்லி கம்பெனியில ஆராய்ச்சி பண்ணினார். அவர் குழு உண்டாக்கின அமினோப்டெரின்கற மருந்தைத்தான் 1948-ல பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்ங்கற டாக்டர் லுகேமியா வந்த 16 கொழந்தைங்களுக்குக் கொடுத்துப் பாத்தார். 10 பேருக்கு நோய் தணிஞ்சது. அதுவும் சில மாசம்தான், திரும்பி வந்துருச்சு. அந்தத் தணிவை மருத்துவருங்க போதும்னு விடலை. அடுத்து என்ன சேக்கலாம், எத்தனை மாசம் கொடுக்கலாம்னு வருஷக்கணக்கா ஒவ்வொண்ணா சேத்துப் பாத்தாங்க. அமினோப்டெரினோட தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். சுப்பாராவ் அதே 1948-ல காலமாயிட்டார்.

என் மஞ்சளுக்கு வர்றேன். நல்ல மஞ்சள்தான், கூச்சமில்லாம சொல்லுவேன். அதுல குர்குமின் சுமார் மூணு சதவீதம் இருக்கும். லேப்ல கண்ணாடித் தட்டுல புற்று அணு மேல குர்குமினை ஊத்தினா அணு சாகுது, நெசம்தான். ஆனா வாய் வழியாச் சாப்பிடறப்ப அது ரத்தத்துல சேர்றது ரொம்பக் கம்மி. மஞ்சள் சாப்பிட்டு லுகேமியா போனதா எந்தச் சிகிச்சை முறையும் இல்லை. கொழம்புல போடற அளவு மஞ்சளால ஒண்ணும் ஆகாது. கரண்டி கரண்டியா கஷாயமோ, குர்குமின் மாத்திரையோ எடுக்கறதா இருந்தா, கீமோ டாக்டர்கிட்ட சொல்லாம எடுக்காதீங்க. சில பேருக்குக் கல்லீரல் கெடும், மருந்தோடயும் மோதும்.

அந்தச் சென்னை வாசகர் மறுநாள் மறுபடி பேசினார். மாமனார் ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டாராம். மாமனாரே ஃபோனை வாங்கி, “உங்க மச்சானுக்கு என்ன வயசுன்னீங்க?”ன்னு கேட்டார். சொன்னேன். “எனக்கு 61. சரி, பாத்துடலாம்”னார். மஞ்சள் அரைக் கிலோ மட்டும் அனுப்பினேன், வீட்டுச் சமையலுக்கு.

கடைசியா ஒரு வேண்டுகோள். மச்சானுக்கு ரத்தம் கொடுக்க ஊர்லருந்து வேன்ல ஆள் கொண்டு போனோம். எல்லா வீட்டுக்கும் வேன் கிடைக்காது. தட்டணுவை எடுத்து அஞ்சு நாளைக்கு மேல வைக்க முடியாது. அதனால தினம் தினம் யாராச்சும் கொடுத்துக்கிட்டே இருக்கணும். மெஷின்ல உக்காந்து தட்டணு மட்டும் கொடுக்க ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம் ஆகும். நீங்க டவுன்ல இருக்கறீங்க, பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் உங்க பக்கத்துலதான் இருக்கு. வெளியூர்லருந்து வந்து வராண்டாவுல உக்காந்திருக்கறவங்களுக்கு அங்க யாரையும் தெரியாது. முடிஞ்சவங்க ரத்த வங்கியில பேரையும் நம்பரையும் கொடுத்து வைங்க.

நாளைக்குக் கோரை செதுக்க ஆள் வருது. அடுத்த பதிவுல பாக்கலாம்.